குழாயில் கேட்ட இரண்டாவது டேப்

ஒலிப்பதிவுத் தொழிலில் இப்போது இருக்கும் தம்பிகள் என்னைப் பார்த்தால் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். "சார், டிஸ்டார்ஷன்ல எத்தனை வகை? நீங்கல்லாம் அந்தக் காலத்துல எப்படிப் பண்ணுனீங்க?" அவர்களுடைய கம்ப்யூட்டரில் அதற்கென்றே பொத்தான்கள் வரிசையாக நிற்கின்றன. டேப் என்று ஒன்று, வால்வு என்று ஒன்று, ஃபஸ் என்று ஒன்று. திருகினால் குரல் தடிக்கிறது, கிதார் உறுமுகிறது. விலை கொடுத்து வாங்கினார்களாம். கேட்டதும் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் அதற்கு 'கிழியுது' என்று பெயர். சவுண்டு கிழியாமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

சொல்லித் தருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எந்த வகையை எடுத்தாலும் தனபால் என்கிற ஆளைச் சொல்லாமல் தாண்ட முடியாது. அங்கேதான் வயிறு எரிகிறது. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் எரிகிறது. பொறாமை இல்லை, தொழில் போட்டிதான் என்று பூசி மெழுகி எழுதலாம். யாரை ஏமாற்ற? பொறாமைதான்.

நான் ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிக் படித்தவன். மதுரையில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் சில வருடம் கேசட் ஏற்றிக்கொண்டிருந்தேன். அங்கே கற்றது ஒரே பாடம்: மீட்டரில் முள் சிவப்புப் பக்கம் போகக்கூடாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல் பேகம்பூரில் சாகுல் பாய் ஒரு ஸ்டுடியோ ஆரம்பித்தபோது, சொந்த ஊரிலேயே வேலை என்று ஓடி வந்து சேர்ந்தேன்.

பாய் தோல் வியாபாரக் குடும்பம். கீழே தோல் கிட்டங்கி, மாடியில் ஸ்டுடியோ. பாட வருகிறவர்கள் படியேறும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். மாதா பாட்டு, ரம்ஜானுக்கு இஸ்லாமியப் பாட்டு, தாடிக்கொம்புப் பெருமாள் பாட்டு, ஊர்த் திருவிழாவுக்கு அம்மன் பாட்டு என்று எல்லாச் சாமியும் அந்தத் தோல் வாசனையைத் தாண்டித்தான் கேசட்டுக்குள் போயின.

பாய்க்கு ஸ்வரமும் தெரியாது, மிஷினும் தெரியாது. ஆனால் அவர் காதுக்கு நாங்கள் எல்லோரும் பயந்தோம். ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உட்காருவார். பாட்டு ஓடும்போது கட்டைவிரலால் மேஜையை மெல்ல அழுத்திக்கொண்டே இருப்பார், தோலின் பதம் பார்க்கிற மாதிரி. முடிந்ததும் இரண்டே வார்த்தைகளில் ஒன்று வரும். பிடித்தால் "போட்டுரு". பிடிக்காவிட்டால் "திரும்ப". ஏன் திரும்ப என்று கேட்டால், "எனக்கென்னப்பா தெரியும்? நீதான படிச்சவன்" என்று எழுந்து போய்விடுவார்.

ஆனால் அறைக்குள் அவர் சொல்லும் 'போட்டுரு' கடைசித் தீர்ப்பு இல்லை. எங்கள் ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் இருந்தது. வேறெங்கும் நான் அதைப் பார்த்ததில்லை. மொட்டை மாடியில் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தோம், திருவிழாவுக்கு மரத்தில் கட்டுவார்களே, அதே குழாய். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வரும். சைக்கிள் மணி, பஸ் ஹாரன், பழ வண்டிக்காரன் கூப்பாடு என்று தெரு இரைந்துகொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்துப் புதுப் பாட்டைக் குழாயில் விடச் சொல்லிவிட்டு, பாய் தெருமுனை டீக்கடையில் போய் நின்றுகொள்வார்.

"ஏம்ப்பா சவரி, ஜனங்க ரூமுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டா கேக்கப் போறாங்க? மரத்துல கட்டுன குழாயிலதான கேப்பாங்க. அங்க நிக்காத பாட்டு எங்கயும் நிக்காது" என்பார்.

என் பாட்டுகள் அறைக்குள் கண்ணாடி மாதிரி இருக்கும். குழாயில் போட்டால் பாதி காணாமல் போகும். உருமி மேளத்தின் உறுமலை நான் எவ்வளவு சுத்தமாகப் பதிந்தாலும் தெருமுனையில் வெறும் 'டக் டக்' தான் கேட்கும். குழாயின் குணம் அப்படி, நான் என்ன செய்ய என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தனபால் வரும்வரை அந்தச் சாக்கு செல்லுபடியானது.

அவன் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவன். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வேறு வாசிப்பான். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டுதான் படி ஏறுவான். என்னைவிட இளையவன், என்னைவிடப் படித்தவன், என்னைவிட நன்றாகச் சிரிக்கிறவன். வந்த அன்றே உருமிக்கு லெவல் வைக்கும்போது முள்ளைச் சிவப்பில் ஒட்டவைத்துவிட்டான்.

"தம்பி, முள்ளு செவப்புல நிக்கிது" என்றேன்.

"நிக்கட்டும்ணே. பாவம், எம்புட்டு நேரந்தான் கறுப்புலயே நிக்கும்?" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை அந்த உருமி தெருமுனையிலும் உறுமியது. டீக்கடைக்காரர் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தார். பாய் டீயைக் குடித்து முடிக்கவே இல்லை. "போட்டுரு."

அதன் சூட்சுமத்தைத் தம்பிகளுக்குச் சொல்கிறேன், எனக்குப் புரிய நாளானது. குழாயால் அடித்தொனியை, அந்தக் கனத்த கீழ்ச் சத்தத்தை, பாட முடியாது. ஆனால் டேப்பை அது தாங்குவதற்குச் சற்று மேலே தள்ளினால், ஒலியலையின் தலை மெதுவாக நசுங்கும். நசுங்கும்போது அந்த அடித்தொனிக்கு மேலே அதன் பிள்ளைகள் மாதிரிப் புதிய தொனிகள் பிறக்கும். குழாய் தாயைப் பாடாது, பிள்ளைகளைப் பாடும். பிள்ளைகளைக் கேட்ட காது தாயைத் தானாகவே ஊகித்துக்கொள்ளும். டேப் டிஸ்டார்ஷன் என்று நீங்கள் பொத்தான் அமுக்குகிறீர்களே, விஷயம் இவ்வளவுதான்.

இவ்வளவுதான் என்று சொல்கிறேன், என் கையில் அது வந்ததா என்று கேளுங்கள். அவன் இல்லாத நேரம் பார்த்து நானும் தள்ளிப் பார்த்தேன். அவன் தள்ளினால் உருமி உறுமியது, நான் தள்ளினால் கிழிந்தது. எங்கே நிறுத்துவது என்பது மீட்டரில் இல்லை, அந்தப் பயல் காதில் இருந்தது. ஆண்டவர் அதைக் கொடுக்கும்போது என்னை எங்கே நிற்க வைத்திருந்தார் என்று பல நாள் பூசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

வால்வு வகையையும் அவன்தான் கொண்டுவந்தான். ஆத்தூர்க்காரர் ஒருவர் பாட்டுக்குக் கிதார் உறும வேண்டும் என்றார். எங்களிடம் அதற்கான பெட்டி எதுவும் இல்லை. தனபால் வீட்டிலிருந்து பழைய வால்வு ரேடியோவைத் தூக்கி வந்தான். இசைத்தட்டுப் பெட்டியின் வயரைச் சொருக ரேடியோவின் பின்பக்கம் ஒரு துளை இருக்குமே, அதில் கிதாரைச் சொருகி, வால்யூமை முழுதாகத் திருப்பி, ரேடியோவின் முன்னால் மைக்கை வைத்தான். சூடேறிய வால்விலிருந்து கிதார் தடித்த குரலில், உருண்டையாக வந்தது. அதே வால்யூமில் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் விட்டுப் பார்த்தான். அலையின் தலை சதுரமாக வெட்டுப்பட்டு, வண்டு டப்பாவுக்குள் பறக்கிற மாதிரி வந்தது. ஃபஸ் என்கிறார்களே, அதற்கு இது பக்கத்து வீடு. பாய் மேஜையை அழுத்திக்கொண்டே "மொதல்ல போட்டது" என்றார். நான் மூலையில் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தேன்.

இனி என் மனைவி பாடின கதைக்கு வருகிறேன்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்கான பாடல்கள் கேசட் ஒன்றை எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார் எங்கள் ஸ்டுடியோவில் கொடுத்திருந்தார். மதுரையிலிருந்து வரவேண்டிய பாடகிக்குத் தொண்டை கட்டிவிட்டது. பாட்டுகள் எல்லாம் தெரிந்தவள் எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் பிலோமி ஒருத்திதான். பிலோமினா என் மனைவி. சாமியாரே வீட்டுக்கு வந்து கேட்டார். அவள் உடனே சரி என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கேசட் அட்டையில் 'பாடியவர்: பிலோமினா' என்று வரும், அதன் கீழே 'ஒலிப்பதிவு: சவரிமுத்து' என்று வரும். புருஷன் பெண்டாட்டி பேர் கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் மறுபடி சேர்ந்து அச்சில் வரப்போகிறது என்று அச்சகத்தில் வேலை செய்யும் மச்சானிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன்.

பிலோமியின் குரல் மெல்லியது. பூசையில் பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். நான் அதற்குத் தகுந்த மைக்கைத் தேடி வைத்து, மூச்சுக் காற்று படாமல் கொஞ்சம் சாய்த்து, முள் கறுப்பை விட்டு அசையாமல் பதிந்தேன். ஹெட்போனில் கேட்டால் பட்டு நூல். "மெல்லிசா, அழகா இருக்கு பிலோமி" என்றேன். அவள் தலையாட்டினாள். சாமியாரும் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை குழாயில் போட்டோம். ஆர்மோனியம் கேட்டது, தபேலா கேட்டது. என் பெண்டாட்டியைக் காணோம். பழ வண்டிக்காரன் குரல்தான் கணீரென்று கேட்டது.

"திரும்ப" என்றார் பாய். நான் திரும்ப மிக்ஸ் பண்ணினேன், குரலை ஏற்றி, வாத்தியத்தை இறக்கி, ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஸர் போட்டு. அடுத்த வெள்ளியும் "திரும்ப". அன்றைக்கு அவர் ஒன்று கூடுதலாகச் சொன்னார். "சவரி, கோவிச்சுக்காத. நீ ஒண்ணு போடு, தனபால் ஒண்ணு போடட்டும். அடுத்த வெள்ளி ரெண்டையும் குழாயில விடுவோம். எது நிக்கிதோ, அதப் போட்டவன் பேரு அட்டையில."

என் பெண்டாட்டி குரலில் அவன் கை வைப்பதா? "பாய், இது எங்க வீட்டுப் பாட்டு" என்றேன்.

"அதுக்குத்தான்ப்பா சொல்றேன். வீட்டுல இருக்கவேண்டிய பாட்டுன்னா வீட்டுலயே பாடச் சொல்லு" என்றார்.

அந்த வாரம் நான் சாப்பிட்டது தூங்கினது எதுவும் நினைவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் கையால் குரலை ஏற்றி இறக்கினேன். நடுவில் ஒரு நாள் டேப் வாங்க மதுரைக்குப் போய்வர வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது தபேலா ராயப்பன் சும்மா இருக்காமல் சொன்னான்.

"அண்ணே, மதினி சோறு கொண்டாந்துச்சு. நீங்க இல்லைல்ல, தனபாலு ஹெட்போன மாட்டிவிட்டு அவன் மிக்ஸைக் கேக்க வச்சான். மதினி என்னமா சிரிச்சுச்சு தெரியுமா?"

வீட்டில் பிலோமி அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வெஞ்சனத்தில் உப்பு சரியா என்று மட்டும் கேட்டாள். நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

வெள்ளிக்கிழமை வந்தது. எந்த டேப் முதலில் ஓடும் என்பது மாடியில் இருந்த ராயப்பனுக்கு மட்டும் தெரியும்; பதிந்த குரல் இரண்டிலும் ஒன்றுதான். பாய் டீக்கடையில். நான் பள்ளிவாசல் பக்கத்து முனையில். பிலோமி எதிர்ப்பக்கம் வளையல் கடை வாசலில், சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு நின்றாள். தனபால் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றான். ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்காதபடி, இரண்டும் ஓடி முடிந்த பிறகு எது நின்றது என்று விரலால் காட்ட வேண்டும். பாயின் ஏற்பாடு.

முதல் டேப் ஓடியது. குரல் இருந்தது, ஆனால் ஒரு பஸ் வந்து போனதும் கூடவே போய்விட்டது. சரிதான், பயல் சறுக்கிவிட்டான் என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இரண்டாவது ஓடியது. முதல் வரியிலேயே பிலோமி என் காதருகில் வந்து நின்றுவிட்டாள். பஸ் இரைந்தது, அவள் போகவில்லை. அவளுடைய மூச்சு, அவள் 'ர'கரத்தை அழுத்துகிற விதம் எல்லாம் இருந்தது. அவ்வளவு கூட்டத்தில் தொப்பி போட்ட ஒரு பெரியவர் நின்று மேலே பார்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கடைசியில் பண்ணிவிட்டேனடா என்று நினைத்தேன். பாய் என்னைப் பார்த்தார். நான் கையை உயர்த்தி இரண்டு விரலைக் காட்டினேன். எதிரே பிலோமியும் இரண்டு விரல்.

ராயப்பன் இறங்கி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் டேப் டப்பாவை நீட்டினான். "ரெண்டாவது தனபாலோடது."

பாய் சிரிக்கவில்லை. "நான் சொல்லவேண்டியத நீயே சொல்லிட்ட சவரி" என்று தோளில் தட்டிவிட்டு, "போட்டுரு" என்றார்.

என்ன செய்திருந்தான் என்று அவனே சொன்னான். நான் பதிந்த குரலைத் தொடவே இல்லை. அதை அப்படியே எங்கள் எட்டு டிராக் மிஷினில் காலியாக இருந்த இன்னொரு டிராக்கில், முள் முழுச் சிவப்பில் கிடக்கும்படி மறுபதிவு செய்தான். அந்தக் கிழிந்த குரலில் கூசும் ஒலிகளை வெட்டிவிட்டு, சுத்தமான குரலுக்கு அடியில் கொஞ்சமாக வைத்தான். தனியாகக் கேட்டால் கரகரப்பு. சேர்த்துக் கேட்டால் கரகரப்பே தெரியாது, குரலுக்கு எலும்பு வந்திருக்கும். இன்றைக்கு இதற்கும் ஒரு பெயரும் பொத்தானும் இருக்கிறது.

"அண்ணே, மேல இருக்கறது நீங்க எடுத்த குரல்தான. அட்டையில உங்க பேரே இருக்கட்டும். மதினி பேருக்குக் கீழ என் பேரு எதுக்கு?" என்றான்.

"ஏலே, பிச்சை போடுறியா?" என்று கத்திவிட்டேன். டீக்கடையே திரும்பிப் பார்த்தது. அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அட்டை அச்சாகி வந்தது. 'பாடியவர்: பிலோமினா சவரிமுத்து. ஒலிப்பதிவு: தனபால்.' என் பெயர் வந்தது, பெண்டாட்டி பெயருக்கு வாலாக. அந்தத் தவக்காலம் முழுக்க எந்தக் கோயில் பக்கம் போனாலும் குழாயில் அவள். "உங்க வீட்டுக்காரம்மா குரல் என்னமா கணீர்னு இருக்கு!" என்று ஊரே சொன்னது. நான் ஆமாம் ஆமாம் என்று சைக்கிளை மிதித்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஸ்டுடியோவுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எனக்குக் கொண்டாட்டம். கம்ப்யூட்டரில் சிவப்பு என்றால் சிவப்புதான். டேப்பில் தலை நசுங்கும், இங்கே அரிவாளால் வெட்டுப்படும். தனபால் பழைய பழக்கத்தில் தள்ளினான், படபடவென்று வெடித்தது. "திரும்ப" என்றார் பாய். அந்த வார்த்தை அவனுக்கு விழுந்ததைக் கேட்க எத்தனை வருடம் காத்திருந்தேன்! அன்றைக்கு வீட்டுக்கு மட்டன் வாங்கிப் போனேன். மறுநாளே அவன் குரலை முதலில் பழைய டேப் மிஷின் வழியாக விட்டு, கம்ப்யூட்டரில் முள்ளைக் கீழேயே வைத்து ஏற்றிக் காட்டினான். "போட்டுரு." மட்டன் கணக்கு ஒரே நாளில் முடிந்தது.

பிறகு அவன் கோயம்புத்தூரில் சொந்தமாக ஸ்டுடியோ வைத்துப் போனான். அவன் உட்கார்ந்த நாற்காலி எனக்கு வந்தது. ஓய்வு பெறும்வரை அதில்தான் உட்கார்ந்தேன். ஒரு நாளும் அது என் நாற்காலி என்று தோன்றியதில்லை.

போன மாதம் ஒரு மதியம், பிலோமி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு ரெண்டு வெரல் காட்டுனியே, அது அவன் டேப்புன்னு தெரிஞ்சா காட்டுன?"

அவள் நிமிரவில்லை. "தெரிஞ்சுதான். முன்னாடியே தம்பி காதுல மாட்டிவிட்டுச்சுல்ல."

"என் பேரு வரணும்னு நான் எம்புட்டு ஆசையா இருந்தேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதுக்காக நான் காணாமப் போகணுமா? நீங்களும் ரெண்டுதான காட்டுனீங்க?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப அவன் மிக்ஸைக் கேட்டுத்தான் அம்புட்டுச் சிரிப்பாக்கும்!"

இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "மிக்ஸைக் கேட்டு இல்ல. கோயில்ல நான் பாடுனா பின்னாடி பெஞ்சுக்குக் கேக்காதுன்னு சின்னப்பிள்ளையில இருந்து என்னையக் கடைசி வரிசையில நிக்க வச்சாங்க. உங்களுக்குத் தெரியாது, நீங்க கேட்டதில்ல. மெல்லிசா இருக்கு, அழகா இருக்குன்னு நீங்களும் அப்படியே வச்சுட்டீங்க. அன்னிக்கு நான் சோறு கொண்டு போனப்ப, அந்தத் தம்பி மிஷினத் தொடுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுச்சு."

"என்ன கேட்டான்?"

"'மதினி, ஒங்க குரல் எம்புட்டு தூரம் போகணும்?'னு கேட்டுச்சு. தெருமுனை வரைக்கும்னேன். 'அம்புட்டுதானா மதினி'ன்னுச்சு. அதுக்குத்தான் சிரிச்சேன்."

அவள் மறுபடி அவரைக்காயை எடுத்தாள். உருமிக்காக அவன் மேல் பொறாமைப்பட்டேன், வால்வு ரேடியோவுக்காகப் பட்டேன், அட்டையில் பெயருக்காகப் பட்டேன். அதெல்லாம் அவன் காதில் இருந்த வித்தை, எனக்கு வாய்க்கவில்லை என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். அந்தக் கேள்வியைக் கேட்க எந்த வித்தையும் வேண்டாம். அவளுடன் ஒரே வீட்டில் இருந்தவன் நான், கேட்டவன் அவன். சத்தியமாகச் சொல்கிறேன், தெருமுனையில் நின்ற அன்றைக்குக்கூட எனக்கு இவ்வளவு எரியவில்லை.